முட்டிப் பட்டை

நாமக்கல்லுக்கு இந்தப் பக்கம், லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றின் நிழலில் வசந்தாமணி உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் இறங்கினாள், மீதி தூரம் விழுந்தாள். பச்சைச் சேலை முழுக்க ரோட்டுப் புழுதி. கழுத்தில் பழனிக்குப் போட்ட மாலை. பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்த மகன் தீனதயாளனும் நின்றான். அரைக்கால் சட்டைக்குக் கீழே வலது முழங்காலில் கறுப்பாக ஒரு பட்டை மாட்டியிருந்தான். அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் காலையிலிருந்து நடந்து வந்தான்.

"வலிக்குதா சாமி?" என்றாள் வசந்தாமணி. கேட்க வேண்டியவன் அவன், கேட்டது அவள்.

"இல்லீம்மா."

"பட்டையக் கழட்டிராத. இறுக்கமா இருந்தாத்தான் முட்டி நிக்கும்."

அவன் தலையாட்டினான். அந்த முட்டிக்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கு முன்பும் இல்லை. அந்த ஜில்லாவில் அதைப்போல உறுதியான முழங்கால் இன்னொன்று இருந்ததா என்பதே சந்தேகம். பழுதான முழங்கால் இரண்டும் வசந்தாமணியுடையவை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு சின்னக் கோழிப்பண்ணை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூண்டுகளுக்கு நடுவே குனிந்தும் நிமிர்ந்தும் முட்டை பொறுக்கி, தீவன மூட்டை தூக்கி, அவள் முழங்கால்கள் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கால்களோடுதான் பழனிக்கு நடந்துகொண்டிருந்தாள். மகனுடைய முட்டி சரியாக வேண்டும் என்பது வேண்டுதல்.

தீனதயாளன் சின்ன வயதிலிருந்தே ஓடுகிறவன். சேலம் ரோட்டில் கோழி கூவும் முன்னே ஓடி, எதிரில் வருகிற முட்டை லாரிக்காரர்களிடமெல்லாம் வசவு வாங்கி, பட்டாளத்தில் சேர்ந்தவன். அங்கேயும் ஓட்டமென்றால் அவன்தான், கயிறு ஏறுவதென்றால் அவன்தான். பட்டாலியனில் மெடல் வாங்கினான். அடுத்து கமாண்டோவுக்குப் பெயர் கொடுத்தான். கொடுத்த விஷயம் ஊருக்குத் தெரிந்ததோ இல்லையோ, கூட்டாளிகள் பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். யாரோ கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அவன் தலையை வெட்டி, இயந்திரத் துப்பாக்கி பிடித்த வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி, மேலே ஒரு ஹெலிகாப்டரையும் பறக்கவிட்டிருந்தார்கள். பெயர் கொடுப்பது வேறு, தேறுவது வேறு என்பதை யாரும் யோசிக்கவில்லை. பெண் பார்க்கப் போகும்போதே சீமந்தத்துக்கு வளையல் வாங்குகிற ஊர் அது. அவன் அப்பா வெங்கடாசலம் முட்டை வண்டியை நிறுத்தி அந்த ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் லோடுக்குப் போனார்.

தேர்வு நடந்தது வடக்கே ஒரு மலையடிவாரத்தில். முதல் வாரங்களில் தீனதயாளனுக்கு அது தேர்வாகவே படவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு ஓடச் சொன்னார்கள்; முதலில் வந்தான். ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார்கள். அதிலும் முதலில் வந்தான். கடைசியில் வருவது எப்போதும் காளிதாஸ். மேட்டூர்க்காரன், அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிற வீட்டுப் பையன், குள்ளம். ஓட்டம் முடிகிற இடத்துக்கு வந்ததும் வாந்தி எடுப்பான். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்தது என்ன என்பதுபோல் நிற்பான். இவன் எதற்கு இங்கே வந்தான் என்று தீனதயாளன் நினைத்ததுண்டு. அவன் மூட்டையைச் சில தடவை வாங்கிச் சுமந்ததும் உண்டு.

அப்புறம்தான் குழி வந்தது. ஆளுக்கொரு குழி தோண்டச் சொன்னார்கள். ஆள் ஆழம் வந்ததும் மூடச் சொன்னார்கள். மூடியதும் பக்கத்திலேயே இன்னொன்று. தூக்கம் கிடையாது. எத்தனை குழி, எது வரைக்கும் என்று கேட்டால் பதில் கிடையாது. பயிற்சி கொடுக்கிற உஸ்தாத்மார் யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி நின்றது. அதில் கம்பளியும் சூடான டீயும் இருந்தன. வேண்டாம் என்கிறவன் அங்கே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பளியைப் போர்த்தி டீயைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

தீனதயாளனுக்குக் கை வலிக்கவில்லை, முதுகு வலிக்கவில்லை. அதைத்தான் பிற்பாடு அவன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். அதுவரைக்கும் அவன் ஓடிய ஓட்டமெல்லாம் எங்கேயாவது முடிகிற ஓட்டம். சுண்ணாம்புக் கோடு இருக்கும், அல்லது மைல்கல் இருக்கும். கோடு தெரிந்தால் போதும், உயிரைக் கொடுத்தாவது தொட்டுவிடுவான். மூடிய குழிக்குப் பக்கத்தில் மறுபடியும் மண்வெட்டியைப் போட்டபோது, இதற்குக் கோடே இல்லை என்று அவன் தலைக்குள் ஏதோ உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை. மண்வெட்டியை ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டு, குழியிலிருந்து ஒரே எம்பில் ஏறி, லாரிக்குப் போய், "உஸ்தாத், முஜ்ஸே நஹீ ஹோகா" என்றான். என்னால் ஆகாது என்பதை அவன் இந்தியில்தான் சொன்னான். தமிழில் அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. உஸ்தாத் அவன் முதுகைத் தட்டி டீயைக் கொடுத்தார். டீ நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு ருசியான டீயை அவன் அதற்கு முன்பு குடித்ததில்லை.

வீட்டுக்குப் போன் பண்ணி, "முட்டி போயிருச்சும்மா, டாக்டரு வேண்டாம்னுட்டாங்க" என்று சொன்னான். முழங்கால் என்று ஏன் சொன்னான் என்றால், அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தது, அது சட்டென்று வாயில் வந்தது. அந்தப் பக்கம் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "முருகா, எம்பையன் முட்டியச் சரி பண்ணிக் குடுத்துரு. நான் நடந்தே வாரேன்" என்றாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பண்ணையில் கோழிக்குச் சீக்கு வந்தால்கூட எதையாவது வேண்டிக்கொள்கிறவள்தான். தை மாதம் லீவில் வந்து இறங்கியபோது பார்த்தால், மாலை போட்டு, பச்சைச் சேலை கட்டி, வீட்டு வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவன் நிலைமை. முட்டி சரியாகிவிட்டது என்றால் வேண்டுதல் பலித்துவிட்டது, நடந்தே தீர வேண்டும். சரியாகவில்லை என்றால் முருகனிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும், அதற்கும் நடந்தே தீர வேண்டும். அவன் பட்டையை மாட்டிக்கொண்டு நொண்டினான். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "பாதி சரி பண்ணிக் குடுத்துட்டானுங்க. மீதிய நேர்ல போயிக் கேட்டுக்கறேன்" என்றாள் வசந்தாமணி. கோழிக்குத் தீவனம் வைக்க ஆள் வேண்டும் என்று வெங்கடாசலம் வீட்டில் இருந்துகொண்டார். அவள் ஊர்ப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு கிளம்ப, நானும் கூட வருகிறேன் என்று தீனதயாளனும் கிளம்பினான். வழியில் எங்காவது சொல்லிவிடலாம் என்பது அவன் எண்ணம்.

சொல்வதற்கு இடமா இல்லை? பட்டறை நிழலில் சொல்லியிருக்கலாம். அவள் தண்ணீர் குடித்தபோது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அவள் அந்த இடத்திலேயே நடையை நிறுத்திவிடுவாள், அந்த முழங்கால்களுக்கு விடுதலை. அங்கே ஒரு வாக்கியத்தைச் சொல்லித் தப்பித்தவனுக்கு இங்கே அதே அளவு வாக்கியம் வாயில் வரவில்லை. அவள் ஒவ்வொரு முறை சுவரைப் பிடித்து எழுந்தபோதும் அவனுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் ஏற ஏற வாய் இன்னும் இறுகியது. குழிக்குள் இல்லாத வைராக்கியம் நாமக்கல் ரோட்டில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

"டெம்போல ஏறிக்கம்மா. சாமான் வண்டிதான, எடமிருக்குது" என்று மட்டும் சொல்லிப் பார்த்தான்.

"ஏறுனா வேண்டுதலு என்னாவறது? உன்ற முட்டி என்னாவறது?" என்று அவள் எழுந்துகொண்டாள். எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை. அந்தப் புளியமரம், அப்புறம் அந்த டீக்கடை, அப்புறம் அந்தப் பாலம் என்று போனாள்.

நாமக்கல்லில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரு கல்யாண மண்டபத்தில் சாய்ந்திருந்தபோது காளிதாஸ் போனில் கூப்பிட்டான். அவன் தேறிவிட்டான். தீனதயாளனுக்கு அது முன்பே தெரியும். வாழ்த்துச் சொல்லக் கூப்பிடாமல் இருந்தது இவன்தான். முட்டிக் கதை காளிதாஸ் காதுக்கும் எட்டியிருந்தது.

"என்றா, முட்டி எப்பிடி இருக்குது?"

"கிண்டல் பண்ணாத காளி."

"கிண்டலில்லடா" என்றான் மேட்டூர்க்காரன். "நீ எந்திரிச்சு லாரிக்குப் போனியே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நானும் வந்தர்லாம்னுதான் இருந்தேன். ஆனா குழிய உட்டு மேல ஏறணுமே. ஏறி லாரி வரைக்கும் நடக்கணுமே. அதுக்குத் தெம்பில்ல. செரி, இங்கியே கெடப்பம்னு மண்ணக் கிண்டிட்டுக் கெடந்தேன். அப்பறம் அவங்களே முடிஞ்சுதுன்னுட்டாங்க."

தீனதயாளன் சிரித்துவிட்டான். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. போனை வைத்த பிறகுதான் அது உள்ளே இறங்கியது. காளிதாஸ் நிஜத்தைச் சொன்னானோ, ஆறுதலுக்குச் சொன்னானோ, தெரியாது. நிஜமென்றால், அவனைக் குழியிலிருந்து ஒரே எம்பில் தூக்கி லாரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவனுடைய இந்த இரண்டு கால்கள்தான். கொஞ்சம் ஓய்ந்த கால்களாக இருந்திருந்தால் தேறியிருப்பான். மண்டபத்தின் மறுகோடியில் வசந்தாமணி யாரோ கொடுத்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தன் முட்டிக்குத் தேய்த்துவிட்டு, பாட்டிலை மூடாமல் அவனைப் பார்த்து, வா என்று கையைக் காட்டினாள். அவன் போய் உட்கார்ந்து, பட்டையைக் கீழே தள்ளி, ஒன்றுமில்லாத முழங்காலை அவளிடம் நீட்டினான்.

மறுநாள் பரமத்தியில் அவள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். பரமத்தி வேலூருக்குள் நுழையும்போது வெற்றிலைக் கொடிக்காலின் ஈரக்காற்று வந்தது. காவிரி வந்துவிட்டது என்று கூட்டத்தில் பாட்டுச் சத்தம் கூடியது. அவள் பாடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் போகிறவளின் முதுகையே பார்த்து நடந்தாள். தீனதயாளன் அவளுக்குப் பின்னால், இழுத்து இழுத்து.

அடுத்த நாள் விடிந்ததும் எல்லோரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். படித்துறையில் வசந்தாமணி உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள். குளித்து முடித்து மேலே ஏறத்தான் முடியவில்லை. ஈரச் சேலையோடு கீழ்ப்படியிலேயே இருந்தாள். இரண்டு பெண்கள் தோளில் கை கொடுத்துத் தூக்கிக் கொண்டுவந்து கரையில் உட்காரவைத்தார்கள். சேலையை விலக்கிப் பார்த்தால், முட்டி எது, கெண்டைக்கால் எது என்று தெரியாமல் வீங்கியிருந்தது. கூட்டத்தைக் கூட்டிப்போகிற குருசாமி சின்னண்ணன் வந்து பார்த்தார். ஆந்திராவில் வருஷக்கணக்காக போர்வெல் ரிக் வண்டி ஓட்டியவர், வருஷம் தவறாமல் நடக்கிறவர். அவர் வாயைத் திறப்பதற்குள் வசந்தாமணியே சொன்னாள்.

"என்னால முடியலீங்க. நான் பஸ்ஸுல போயிக்கறேன்."

தீனதயாளன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றுமே மாறவில்லை. கடையில் உப்பு இல்லை என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவ்வளவுதான், சொல்லியாகிவிட்டது. கூட்டத்தில் யாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. ஆறு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தாராளமாப் போங்க அம்மிணி" என்றார் சின்னண்ணன். "முருகன் பஸ்ஸுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டானுங்க."

"கரூர்ல என்ற தம்பி ஊடு இருக்குதுங்க. பூசத்தன்னிக்கு அவனோட வந்தர்றேன். மீதி நடைய அடுத்த வருசம் தீத்தர்றேன்னு சொல்லிப்போட்டேன், அவங்கிட்ட." ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழனி இருக்கிற திசையை மோவாயால் காட்டினாள். பிறகு மகனைப் பார்த்து, "நீ இவங்களோட மெதுவா நடந்து வா சாமி" என்றாள்.

கூட்டம் பாலத்தை நோக்கிக் கிளம்பியது. அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று தீனதயாளன் பின்தங்கினான். அவளைக் கைத்தாங்கலாக பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்து சிமெண்டுப் பெஞ்சில் உட்காரவைத்தான். வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று வழியை மறித்துக்கொண்டு நின்றது. கரூர் பஸ் இன்னும் வரவில்லை. அவள் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டே, பட்டை நழுவியிருக்கிறதா என்று அவன் காலைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அம்மா."

"சொல்லு சாமி."

"என்ற முட்டிக்கு ஒண்ணும் ஆவலம்மா."

"சரியாப் போச்சா?"

"இல்ல. எப்பவுமே ஒண்ணும் ஆவல. அங்க, என்னால முடியலீன்னு நானாத்தான் சொல்லிட்டு வந்தேன்."

தமிழில் அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. அவன் நினைத்த அளவுக்குக் கனமாக இல்லை. அடுத்தது என்ன கேட்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்பாள். அதற்குக் குழியை, லாரியை, கோடு இல்லாத ஓட்டத்தை எல்லாம் அவன் ராத்திரி ராத்திரியாக அடுக்கி வைத்திருந்தான்.

வசந்தாமணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலையே பார்த்தாள்.

"முட்டி நல்லாத்தான் இருந்துச்சா?"

"ம்."

"நாமக்கல்லுலயும்?"

"ம்."

"பரமத்தியிலயும்?"

அவள் உட்கார்ந்த இடங்களை வரிசையாகச் சொல்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்பறம் எதுக்குச் சாமி என்னைய நடக்கவுட்டே?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவன் அடுக்கி வைத்திருந்தது வேறு கேள்விக்கு. பயம் என்று சொல்லலாம். வெட்கம் என்று சொல்லலாம். உன் காலைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது என்று சொல்லலாம், அதுதான் நிஜம். வாழைத்தார் வண்டிக்காரனும் வேறொரு பஸ்ஸின் கண்டக்டரும் யார் முதலில் வண்டியை எடுப்பது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றான்.

கரூர் பஸ் உள்ளே வந்தது. "அதக் கழட்டு" என்றாள் வசந்தாமணி.

அவன் குனிந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். வியர்வையில் நனைந்திருந்தது. அவள் அதை வாங்கி, உதறி, பஸ் ஸ்டாண்டு கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி, காலை நுழைத்து மெல்ல மேலே இழுத்தாள். பந்தயக் குதிரைபோல இருந்தவனுடைய முழங்காலுக்கு வாங்கிய பட்டை அவளுடைய வீக்கத்துக்குச் சரியாக இருந்தது. எழுந்து நின்று ஒரு தரம் காலை ஊன்றிப் பார்த்தாள். ஏறும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பட்டறைச் சுவரைப் பிடித்ததுபோலத்தான் பிடித்தாள். அப்பாவிடம் சொல்வாளா, கேட்டால் நீயே பேசிக்கொள் என்பாளா, அவனுக்குத் தெரியவில்லை.

அவன் பாலத்துக்கு வந்தபோது கூட்டம் பாதி ஆற்றைத் தாண்டியிருந்தது. காவிரி மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாலத்தின் நடுவே மாட்டிக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வரிசையில் கரூர் பஸ்ஸும் நின்றது. அவன் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மூன்றாவது ஜன்னலில் அவள் இருந்தாள். கம்பியில் தலையைச் சாய்த்து, கீழே, அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் குனிந்து பார்த்தான். வெயிலில் கறுத்த காலில், பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. வலது கால் இன்னும் இழுத்துக்கொண்டுதான் வந்தது. அவன் இழுக்கவில்லை, அது தானாக இழுத்தது. நிமிர்ந்து, நேராக வைத்து, ஒரு எட்டு எடுத்தான். அடுத்த எட்டில் மறுபடியும் இழுத்தது.

டிராக்டர் நகர்ந்தது. பஸ் ஒரு குலுங்கு குலுங்கி அவனைக் கடந்து போனது. தீனதயாளன் பாலத்தின் நடுவே நின்றான். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று அவனுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.